இயற்பியலின் பெரிய கேள்விகளும் அடிப்படை ஆராய்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் பற்றிப் பொது அவையில் பேசி முடித்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே போல இருக்கின்றன. சிலவற்றில் ஆர்வம் தெரியும், சிலவற்றில் சந்தேகம், சிலவற்றில் சற்றுக் கோபமும் தெரியும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே குறித்துவைத்து, மேடையில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன.

அடிப்படை ஆராய்ச்சி என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்? எல்லாமே ஆராய்ச்சிதானே?

ஆராய்பவர் தமக்குள் எழுப்பிக்கொள்ளும் கேள்வியைக் கவனித்தால் வேறுபாடு விளங்கும். மின்கலம் இன்னும் நீண்ட நேரம் உழைக்க என்ன செய்யலாம் என்று கேட்பது பயன்பாட்டு ஆராய்ச்சி. மின்கலத்துக்குள் அயனிகள் ஏன் இப்படி நகர்கின்றன என்று கேட்பது அடிப்படை ஆராய்ச்சி. முன்னதில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தொடங்கும்போதே தெரியும். பின்னதில் அது தெரியாது.

1911-இல் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ், கடுங்குளிரில் உலோகத்தின் மின்தடை என்னவாகும் என்பதை அறிய விரும்பினார். பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வின் (சுமார் −269 °C) வெப்பநிலையில் மின்தடை முற்றிலும் மறைந்தது. மீக்கடத்துத்திறன் என்று நாம் இன்று அழைக்கும் பண்பு அவ்வாறுதான் தெரியவந்தது. இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு வகைக்கும் இடையிலான கோடு மங்கலானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொலைத்தொடர்புக்காகக் கட்டப்பட்ட ஓர் ஆண்டெனாவில் நீங்காத இரைச்சலின் காரணத்தைத் தேடி, அதில் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்த பென்சியாஸும் வில்சனும், பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து வரும் பின்புல நுண்ணலைக் கதிர்வீச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது 1965-இல் உறுதியானது.

இயற்பியலில்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்களே, இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

இந்த எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் இருந்தது. ஒளியின் வேகத்தை மிகத் துல்லியமாக அளந்த ஆல்பர்ட் மைக்கல்சன் 1894-இல் ஆற்றிய உரையொன்றில், பெரிய அடிப்படை விதிகளில் பெரும்பாலானவை நிலைநாட்டப்பட்டுவிட்டதாகவே தோன்றுகிறது என்றும், இனிப் புதியவற்றை ஆறாவது தசம இடத்தில்தான் தேட வேண்டும் என்றும் கருத்துரைத்தார். அடுத்த ஆண்டு ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். 1896-இல் பெக்கரல் கதிரியக்கத்தையும் 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானையும் கண்டறிந்தனர். மைக்கல்சனைக் கேலி செய்வதற்காகப் பலரும் இதைச் சொல்வதுண்டு. என் பார்வையில் ஆறாவது தசம இடத்தில் தேடச் சொன்னது நல்ல அறிவுரைதான். பிற்காலத்தில் பல புதுமைகள் அப்படிப்பட்ட நுண்ணிய அளவீடுகளில்தான் அகப்பட்டன.

இன்றைய கணக்கின்படி பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் நாம் அறிந்த அணுக்களாலான பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. 27 விழுக்காட்டை இருண்ட பொருள் என்றும், 68 விழுக்காட்டை இருண்ட ஆற்றல் என்றும் பெயரிட்டிருக்கிறோம். பெயர் வைத்திருக்கிறோமே ஒழிய அவை என்னவென்று அறியோம்.

அந்தப் 'பெரிய கேள்விகள்' என்னென்ன? ஒரு பட்டியல் கொடுத்தால் வசதியாக இருக்கும்.

பட்டியல் போடத் தயங்குகிறேன், ஏனெனில் பட்டியலில் வானத்துக் கேள்விகள் மட்டுமே இடம்பிடித்துவிடுகின்றன. இருண்ட பொருள் எதனால் ஆனது, பேரண்டத்தின் விரிவு ஏன் வேகமெடுக்கிறது, பொருள் மிஞ்சி எதிர்ப்பொருள் மறைந்தது ஏன், ஈர்ப்பையும் அணு அளவிலான உலகை விவரிக்கும் குவாண்டம் கோட்பாட்டையும் எப்படி ஒன்றாகப் பொருத்துவது, நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளுக்கு நிறை எப்படி வந்தது, காலம் ஏன் ஒரு திசையில் மட்டும் செல்வதாகத் தோன்றுகிறது ஆகியவை எல்லோரும் கேள்விப்பட்டவை.

மேசையின் மேல் வைத்து ஆராயக்கூடிய பெரிய கேள்விகளும் உண்டு. ஒப்பீட்டளவில் உயர்ந்த வெப்பநிலையிலேயே மின்தடையை இழக்கும் சில செப்பு ஆக்சைடுச் சேர்மங்களை 1986-இல் பெட்நார்ட்ஸும் முல்லரும் கண்டுபிடித்தார்கள். அவை ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதற்கு அனைவரும் ஏற்கும் விளக்கம் இன்றுவரை இல்லை. குழாயைத் திறந்ததும் சீராக விழும் நீர், வேகம் கூடியதும் கொந்தளிக்கத் தொடங்குகிறதே, அந்தக் கொந்தளிப்பை அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து முழுமையாக வருவிக்கவும் நம்மால் இயலவில்லை.

இருண்ட பொருளை யாரும் பார்த்ததில்லை என்கிறீர்கள், ஆனால் இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். இது வெறும் நம்பிக்கைதானே?

நியாயமான ஐயம். 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்தபோது, அதிலுள்ள மண்டலங்கள் மிக வேகமாக நகர்வதையும், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும் என்பதையும் கண்டார். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தார்கள். மையத்திலிருந்து விலக விலக வேகம் குறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வேகமோ ஏறக்குறைய மாறாமலே நீடித்தது. பின்னர் பின்புல நுண்ணலையின் ஏற்ற இறக்கங்களும், தொலைவிலிருந்து வரும் ஒளி வழியில் வளையும் அளவும் ஒரே முடிவைச் சுட்டின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அளவீடுகள் ஒரே எண்ணுக்கு வந்து சேர்வதுதான் இங்கே சான்று.

இருந்தாலும் கேட்டவரின் ஐயத்துக்கு வரலாற்றில் இடமுண்டு. யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை என்பதைக் கண்ட லெ வெரியே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று கணக்கிட்டார். 1846-இல் அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே நெப்டியூன் கிடைத்தது. அதே லெ வெரியே, புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகு இருப்பதைக் கண்டு, சூரியனுக்கு அருகே மறைந்திருக்கும் ஒரு கோளையே அதற்கும் காரணமாகக் கூறினார். அதற்கு வல்கன் என்று பெயரும் சூட்டினார்கள், பல ஆண்டுகள் தேடவும் செய்தார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அளவிலான அந்தச் சிறு பிசகை 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு விளக்கியது.

ஆக, கணக்கு உதைக்கும்போது மறைந்திருக்கும் பொருளும் காரணமாக இருக்கலாம், நாம் எழுதிய விதியே தவறாகவும் இருக்கலாம். பெரும்பாலான இயற்பியலாளர்கள் இருண்ட பொருளை நெப்டியூனைப் போன்றது என்று கருதுகிறார்கள், வல்கனைப் போன்றது என்று கருதும் சிறுபான்மையினரும் உள்ளனர். சான்றுகளை எடைபோட்டால் நானும் பெரும்பான்மையின் பக்கமே சாய்வேன், ஆனால் அந்தச் சிறுபான்மையினர் ஆராய்ச்சியை நிறுத்திவிடக் கூடாது என்றும் விரும்புகிறேன்.

இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலும் ஒன்றுதானா?

இல்லை. இருண்ட பொருள் ஈர்த்துச் சேர்க்கிறது, விண்மீன் மண்டலங்களைச் சுற்றித் திரண்டு நிற்கிறது. இருண்ட ஆற்றல் எங்கும் சீராகப் பரவி, பேரண்டத்தின் விரிவை விரைவுபடுத்துகிறது. விரிவு வேகமெடுக்கிறது என்பதை 1998-இல் இரண்டு குழுக்கள் சூப்பர்நோவா எனப்படும் தொலைதூர விண்மீன் வெடிப்புகளைக் கொண்டு தனித்தனியே கண்டறிந்தன. பெயர் ஒற்றுமைதான் குழப்பத்துக்குக் காரணம்.

பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது?

பெருவெடிப்புக் கோட்பாடு, 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் மிகுந்த வெப்பத்தோடும் அடர்த்தியோடும் இருந்து விரிந்தது என்று சொல்கிறது. இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. முதல் பதிலில் சொன்ன பின்புல நுண்ணலை அவற்றில் ஒன்று, விரிவு தொடங்கி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஒளி அது. ஆனால் கடிகாரத்தைச் சுழியம் வரை பின்னோக்கிச் சுழற்றினால், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் முடிவிலிகளைத் தந்து நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஈர்ப்பின் குவாண்டம் கோட்பாடு தேவை, அது நம் கையில் இல்லை. 'முன்னால்' என்ற சொல்லுக்கு அங்கே பொருள் உண்டா என்பதே விடை தெரியாத கேள்விதான்.

நாம் ஏன் இருக்கிறோம் என்பதெல்லாம் தத்துவம் அல்லவா? அதில் இயற்பியலுக்கு என்ன வேலை?

அந்தக் கேள்வியின் ஒரு பகுதியை அளவிட முடியும். 1928-இல் டிராக், குவாண்டம் கோட்பாட்டையும் சிறப்புச் சார்பியலையும் இணைத்து எலக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அந்தச் சமன்பாடு கேட்காமலே இன்னொரு விடையையும் தந்தது: எலக்ட்ரானின் நிறையும் நேர்மின்னூட்டமும் கொண்ட ஒரு துகள். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் அதை அண்டக் கதிர்களில் கண்டார். அதுவே பாசிட்ரான். பொருளும் அதன் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாகிவிடும்.

ஆதியில் இரண்டும் சமமாகத் தோன்றியிருந்தால், ஒன்றையொன்று அழித்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் பொருள் கூடுதலாக இருந்திருக்கிறது, அந்த மிச்சத்திலிருந்துதான் விண்மீன்களும் நாமும் உருவானோம். இயற்கை இரண்டையும் முழுச் சமமாக நடத்துவதில்லை என்பதை 1964-இல் குரோனினும் ஃபிட்சும் ஒரு சோதனையில் காட்டினார்கள். எனினும் துகள்களை விவரிக்கும் இன்றைய செந்தர மாதிரி அனுமதிக்கும் பாரபட்சம் இந்த மிச்சத்தை விளக்கப் போதுமானதாக இல்லை. நாம் ஏன் இருக்கிறோம் என்பதன் நோக்கத்தை இயற்பியல் சொல்லாது. எந்தச் சமச்சீர் எங்கே உடைந்தது என்று தேடுவது அதன் வேலை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இதனால் எனக்கு என்ன பயன்?

இருப்பிடம் காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையிலுள்ள கடிகாரங்களைவிட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடுகின்றன. வேகத்தால் 7 மைக்ரோவிநாடி குறைவதையும், உயரத்தில் ஈர்ப்பு தளர்வதால் 45 கூடுவதையும் சார்பியல் கணக்கிட்டுத் தருகிறது. 38 மைக்ரோவிநாடியில் ஒளி 11 கி.மீ. சென்றுவிடும் என்பதால், இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் உங்கள் கைபேசி ஒரே நாளில் உங்களை வேறு ஊரில் காட்டும். மேலே சொன்ன பாசிட்ரான், புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனில் நாள்தோறும் வேலை செய்கிறது. வலைத்தளங்களின் உலகம், துகள் இயற்பியலாளர்கள் தங்கள் தகவலைப் பகிர்ந்துகொள்வதற்காக 1989-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது.

இத்தகைய பதிலைக் கேட்டதும் அவை தலையாட்டும். எனக்கோ இதில் முழு நிறைவு இல்லை. பயன் தந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்தினால் எந்தத் துறையும் வளம் கொழிப்பதாகவே தெரியும். பயனேதும் தராத அடிப்படைக் கண்டுபிடிப்புகள் மிகப் பல. 2012-இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் போசான் என்ற துகளைப் பயன்படுத்தும் கருவி எதுவும் இல்லை, வரும் என்று உறுதி சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

"ஒரு நாள் இதற்கு நீங்கள் வரி விதிப்பீர்கள்" என்று ஃபாரடே ஓர் அமைச்சரிடம் சொன்னாராமே?

மின்சாரத்தால் என்ன பயன் என்று கேட்ட அரசியல் தலைவருக்கு ஃபாரடே இப்படிப் பதிலளித்தார் என்ற கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. அவர் வாழ்ந்த காலத்துப் பதிவுகளில் அதற்கு ஆதாரம் இல்லை; அவர் 1867-இல் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அது அச்சில் புழங்கத் தொடங்கியது. நானும் முன்பு சொல்லிவந்தேன், இப்போது விட்டுவிட்டேன்.

கதை தேவையும் இல்லை. காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் மின்காந்தத் தூண்டலை ஃபாரடே கண்டது 1831-இல். வீடுகளுக்கு மின்சாரம் விற்ற எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது 1882-இல். இடையில் கடந்த ஐம்பத்தோரு ஆண்டுகள், எந்த ஐந்தாண்டு மதிப்பீட்டுப் படிவத்திலும் அடங்காதவை.

பயன்தான் வேண்டும் என்றால் நேராக அந்தப் பயனுக்காகவே ஆராயலாமே? ஏன் இந்தச் சுற்றுவழி?

1930-களில், உடலை அறுக்காமல் உள்ளே உள்ள மென்திசுக்களைப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்யுங்கள் என்று ஏராளமான பணத்தைக் கொடுத்து ஒரு குழுவிடம் ஒப்படைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எக்ஸ் கதிர்க் கருவியை இன்னும் கூர்மையாக்கியிருப்பார்கள். அந்நாளில் அறிந்த பாதை அது ஒன்றுதான்.

உண்மையில் விடை வந்த வழி வேறு. 1938-இல் இசிடோர் ராபி, அணுக்கருக்களின் காந்தத் தன்மையை அளப்பதற்காகவே ஒரு முறையை உருவாக்கினார். 1946-இல் பிளாக்கும் பர்செலும் அதைத் திரவ, திடப் பொருள்களிலும் செய்துகாட்டினர். 1973-இல் பால் லாட்டர்பர் அதிலிருந்து படம் எடுக்கலாம் என்று காட்டினார். அப்படிப் படமெடுக்கும் எம்ஆர்ஐ இயந்திரத்தின் வலிய காந்தத்துக்கு, முதல் பதிலில் சொன்ன காமர்லிங் ஓனஸின் மீக்கடத்துத்திறன் தேவைப்பட்டது. அதற்குரிய நியோபியம்-டைட்டானியம் கம்பியைப் பெருமளவில் செய்யும் தொழில் வளர்ந்ததில், ஃபெர்மிலேப் ஆய்வகத்தின் டெவட்ரான் என்ற துகள் முடுக்கியின் தேவைக்குப் பங்குண்டு. லைடனில் பாதரசத்தைக் குளிர்வித்தவருக்கும் அணுக்கருவை அளந்தவருக்கும் மருத்துவமனையைப் பற்றிய நினைப்பே இல்லை.

இதனால் நேரடி ஆராய்ச்சி வீண் என்று ஆகிவிடாது. வழி தெரிந்த இடத்துக்கு நேராகப் போவதே முறை. தடுப்பூசி தேவைப்படும்போது யாரும் பேரண்டத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டார்கள். வழியே இல்லாத இடத்தில்தான் நேர்வழி என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

உலகில் இத்தனை பேர் பசியோடு இருக்கும்போது, இந்தக் கேள்விகளுக்கு இவ்வளவு பணமா?

சற்றுக் கோபத்தோடு கேட்கப்படுவது இதுதான், கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் அளவைப் பார்ப்போம். செர்ன் ஆய்வகத்தின் ஆண்டுச் செலவு நூறு கோடி ஸ்விஸ் ஃபிராங்கைச் சற்றுத் தாண்டும். இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகள் அதைப் பகிர்ந்துகொள்வதால், அந்நாடுகளில் ஒருவர் தலைக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று ஃபிராங்க் விழும். தொகை சிறியது என்பதாலேயே செலவு நியாயமாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நிறுத்தினால் அந்தப் பணம் பசித்தவரிடம் போய்ச் சேரும் என்ற அனுமானத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் 87 கி.மீ. சுற்றளவுள்ள ஒரு மாபெரும் துகள் மோதுகருவியைக் கட்டத் தொடங்கி, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவான பிறகு 1993-இல் கைவிட்டார்கள். அதை நிறுத்தக் கோரியவர்களின் முதன்மை வாதம் அரசின் நிதிப் பற்றாக்குறை. பசி அந்த விவாதத்தின் மையத்தில் இருக்கவில்லை.

அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்களில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சனும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே பெரிய கருவிக்குப் பணம் குவிந்தால், சிறிய ஆய்வகங்களில் நடக்கும் வளமான இயற்பியல் புறக்கணிக்கப்படும் என்பது அவர் கவலை. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமா என்ற கேள்வியைவிட, அந்தப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியே கடினமானது. இதில் ஆண்டர்சனின் கவலையைப் பாதியாவது ஏற்கிறேன். மூன்றாவது கேள்விக்கான பதிலில் மேசை மேல் ஆராயும் கேள்விகளை வலிந்து சேர்த்ததும் அதனால்தான்.

பத்து இருபது ஆண்டு தேடிவிட்டு ஒன்றுமே கிடைக்காவிட்டால் அது தோல்விதானே?

சோதனை எப்படி அமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. 1887-இல் மைக்கல்சனும் மார்லியும், ஒளியைச் சுமப்பதாக நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தில் பூமி நகர்வதைத் தேடினார்கள்; ஒன்றும் கிடைக்கவில்லை. கருவி அவ்வளவு துல்லியமாக இருந்ததால், கிடைக்காதது ஈதரின் மேல் ஐயத்தை எழுப்பியது. அரைகுறைக் கருவியால் தேடிக் கிடைக்காமல் போனால் ஒன்றும் தெரிந்துகொண்டதாக ஆகாது. இருண்ட பொருளைத் தேடி ஆழமான சுரங்கங்களில் டன் கணக்கில் திரவ செனானை நிரப்பி வைத்திருக்கும் கருவிகள் இதுவரை ஒரு துகளையும் பிடிக்கவில்லை. ஆனால் எந்தெந்த வகைத் துகள்கள் இருக்க இயலாது என்ற எல்லையை ஒவ்வொரு முறையும் இறுக்கியிருக்கின்றன.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் காமியோகாண்டே. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க, பூமிக்கடியில் 3,000 டன் தூய நீரை நிரப்பி 1983-இல் தொடங்கிய சோதனை அது. ஒரு புரோட்டானும் சிதையவில்லை. ஆனால் 1987 பிப்ரவரி 23 அன்று, அண்டை விண்மீன் மண்டலம் ஒன்றில் வெடித்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் 11 அந்த நீரில் பதிவாயின. அதன் வழித்தோன்றலான சூப்பர் காமியோகாண்டே, நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என்பதை 1998-இல் காட்டியது. வகை மாறுவதென்றால் அவற்றுக்கு நிறை இருந்தாக வேண்டும். புரோட்டான் இன்னும் சிதையவில்லை, தேடல் தொடர்கிறது.

விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளை மாற்றிச் சொல்கிறார்கள். எப்படி நம்புவது?

2011 செப்டம்பரில், செர்னிலிருந்து 730 கி.மீ. தொலைவில் இத்தாலியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முன்னதாக வந்துசேர்ந்ததாக ஓபரா குழு அறிவித்தது. அவர்களே அதை நம்பத் தயங்கினார்கள், பிழையைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்ற தொனியில்தான் வெளியிட்டார்கள். சில மாதங்களில், சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி முக்கியக் காரணம் என்று தெரிந்தது. பிற குழுக்களின் அளவீடுகளும் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்றே காட்டின.

இதைக் கேலிக்குரிய நிகழ்வாக நினைப்பவர்கள் உண்டு. தம் முடிவைத் தாமே சந்தேகித்து, அனைவரும் பார்க்கும்படி திருத்திக்கொண்டதை நான் அந்தத் துறையின் நல்ல நாட்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

ஜெனீவாவில் உள்ள கருவி கருந்துளையை உண்டாக்கிப் பூமியை விழுங்கிவிடும் என்கிறார்களே?

விழுங்காது. அந்தக் கருவியில் நிகழ்வதைவிடப் பல மடங்கு ஆற்றல்மிக்க மோதல்களை விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் பூமியின் வளிமண்டலத்திலும் நிலாவிலும் பிற விண்பொருள்களிலும் பல நூறு கோடி ஆண்டுகளாக நிகழ்த்திவருகின்றன. அந்த விண்பொருள்கள் இன்னும் இருக்கின்றன.

அணுகுண்டும் அடிப்படை ஆராய்ச்சியிலிருந்துதானே வந்தது? அதை ஏன் பயன்களின் வரிசையில் சேர்ப்பதில்லை?

சேர்க்க வேண்டும். 1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியபோது பேரியம் கிடைத்தது. அணுக்கரு பிளந்துவிட்டது என்று லீசா மைட்னரும் ஆட்டோ ஃபிரிஷும் விளக்கினார்கள். அவர்கள் தேடியது அணுக்கருவைப் பற்றிய ஓர் உண்மையைத்தான். ஏழு ஆண்டுகள் நிறையும் முன்பே ஹிரோஷிமா எரிந்தது. குண்டுத் திட்டத்தில் சேர வந்த அழைப்பை மைட்னர் மறுத்தார். மறுத்ததால் குண்டு நிற்கவில்லை.

கண்டுபிடிப்பு நடுநிலையானது, பயன்படுத்துபவரே பொறுப்பு என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. எதிர்பாராத நன்மை வருகிறது என்று பெருமைப்படுகிறவர்கள், அதே எதிர்பாராத வழியில் வரும் தீமைக்கு மட்டும் தொடர்பில்லை என்று கைகழுவ முடியாது. ஆனால் எந்தக் கேள்வி குண்டில் போய் முடியும், எது எம்ஆர்ஐ இயந்திரத்தில் போய் முடியும் என்று முன்கூட்டியே பிரிக்கும் வழியும் இல்லை. ராபியும் ஹானும் அதே பத்தாண்டில் அதே அணுக்கருவைத்தான் ஆராய்ந்தார்கள். எனவே கண்காணிப்பும் பொது விவாதமும், கேள்வி கேட்கும் கட்டத்தைவிட, அறிந்ததைப் பெருமளவில் செயல்படுத்தும் கட்டத்தில்தான் வலுவாக இருக்க முடியும் என்பது என் நிலைப்பாடு. இதை ஏற்காதவர்களின் வாதத்திலும் வலு உண்டு.

சோதித்துப் பார்க்கவே முடியாத கோட்பாடுகளில் ஏன் வாழ்நாளைச் செலவிடுகிறார்கள்? அதுவும் ஆராய்ச்சியா?

ஈர்ப்பின் குவாண்டம் இயல்பு நேரடியாக வெளிப்பட வேண்டிய ஆற்றல், இன்றைய மிகப் பெரிய மோதுகருவி எட்டும் ஆற்றலைவிட ஏறத்தாழப் பத்துக் கோடி கோடி மடங்கு அதிகம். அங்கே கருவியால் போக முடியாது என்பதால், துகள்களை அதிரும் நுண்ணிய சரங்களாகக் கருதும் சரக் கோட்பாடு போன்றவை பல பத்தாண்டுகளாகச் சோதனையின் தீர்ப்பு இல்லாமலே வளர்ந்திருக்கின்றன. அது கவலைக்குரியது என்று இயற்பியலாளர்களிலேயே பலர் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

ஆனால் 'முடியாது' என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். தொலைவில் பிரிந்துபோன இரண்டு துகள்களிடையே குவாண்டம் கோட்பாடு சொல்லும் விசித்திரமான பிணைப்பு உண்மையா என்பது, நெடுங்காலம் உணவு இடைவேளையில் பேசும் தத்துவ விவாதமாகவே மதிக்கப்பட்டது. செர்னில் பணியாற்றிய ஜான் பெல், 1964-இல் அதை எண்களால் சோதிக்கக்கூடிய ஒரு சமனின்மையாக மாற்றினார். 1972-இல் ஃபிரீட்மனும் கிளாசரும், 1982-இல் ஆஸ்பேயும் சோதனை செய்தார்கள். குவாண்டம் கோட்பாடு சொன்னதே நடந்தது. கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் ஆகியோருக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தபோது பெல் உயிரோடு இல்லை. இன்று அதே பிணைப்பை மறையீட்டுத் தொழில்நுட்பத்துக்குப் பயன்படுத்த முயல்கிறார்கள். ஆகையால் ஒரு கோட்பாட்டாளரிடம் நான் கேட்க விரும்புவது, இன்றே சோதிக்க முடியுமா என்பதை அன்று. சோதிக்கும் வழியைத் தேடுகிறீர்களா என்பதையே.

செய்தியில் 'ஐன்ஸ்டைன் தவறு' என்று வருகிறது. சாதாரண வாசகன் எப்படி எடைபோடுவது?

மூன்று விவரங்களைத் தேடுங்கள். முதலாவது, முடிவின் உறுதி எத்தனை சிக்மா என்பது; ஓர் அளவீடு தற்செயலான ஏற்ற இறக்கத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சொல்லும் அலகு சிக்மா. துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும். தரவில் அவ்வளவு பெரிய ஏற்றம் வெறும் தற்செயலால் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் அந்தத் தேர்வில் தேறியது. 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு அருகே தென்பட்ட ஏற்றம் தேறவில்லை. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை விளக்கி வந்தபின், அடுத்த ஆகஸ்டில் கூடுதல் தரவு சேர்ந்ததும் அது மறைந்தது. இரண்டாவது, வேறு கருவி, வேறு குழு, வேறு முறை அதையே காண்கிறதா என்பது. இருண்ட பொருள் பற்றிய பதிலில் சொன்ன அதே அளவுகோல். மூன்றாவது, அறிவித்தவர்கள் தாங்களே எதைச் சந்தேகிக்கிறார்கள் என்பது.

பழகிப் பார்க்க இன்று இரண்டு செய்திகள் இருக்கின்றன. பேரண்டத்தின் விரிவு வேகத்தைப் பின்புல நுண்ணலையிலிருந்து கணக்கிட்டால் ஒரு மெகாபார்செக் (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு விநாடிக்கு 67 கி.மீ. என்றும், அருகிலுள்ள விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு அளந்தால் பெரும்பாலும் 73 கி.மீ. என்றும் வருகிறது. பல ஆண்டுகளாகச் சரிபார்த்தும் இடைவெளி மூடவில்லை. மற்றொன்று, இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கலாம் என்று 2024, 2025-ஆம் ஆண்டுகளில் விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் டெசி குழு வெளியிட்ட முடிவுகள் தரும் குறிப்பு. அது இன்னும் ஐந்து சிக்மாவை எட்டவில்லை. முன்னது நெப்டியூனா வல்கனா என்று விவாதிக்கும் கட்டத்தை அடைந்துவிட்டது. பின்னதில், யுரேனஸ் உண்மையிலேயே பாதை விலகியதா என்பதையே இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.